றோஸ் கூலன்ற்றா, சிவப்பா? வன்னியிலிருந்து நுவரெலியா ஏறும் வான்களுக்கு

மார்கழி, தை மாதங்களில் வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்கியதும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து ஹயேஸ் வான்கள் நுவரெலியாவுக்கு வெளிக்கிட்டுவிடும். பின் சீற்றைக் கழற்றி மெத்தை போட்டு, சின்னத் தண்ணீர்த் தொட்டியும் காஸ் அடுப்பும் பூட்டி, இரவில் உள்ளேயே படுக்கிற மாதிரி மாற்றிய வான்களும் இப்போது அதில் சேர்த்தி. புறப்படுவதற்கு முதல்நாள் கராச்சில் வருகிற கேள்வி ஒன்றுதான்: "அங்கை தையிலை புல்லிலை பனி உறையுதாம். தண்ணி உறைஞ்சு எஞ்சின் வெடிச்சுப்போகுமோ? அன்ரிபிரீஸ் விடவேணுமோ?"

விடத்தான் வேண்டும். ஆனால் உறைவதற்குப் பயந்து அல்ல. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். தை, மாசியில் மேகமில்லாத இரவுகளில் புல் தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகிறது. அதனால்தான் காற்று பூச்சியத்துக்கு மேலே சில பாகையில் இருக்கும்போதே புல்லின் நுனியில் வெள்ளையாக உறைபனி தெரிகிறது. மாலைவரை ஓடிச் சூடேறி நிற்கிற இரும்பு எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீர் அந்த ஓர் இரவில் கட்டியாகாது. ஊரில் ஓடும்போதும் ஏற்றத்திலும் அந்த எஞ்சினைக் கொல்வது கொதிப்பும் கறலும் தண்ணீரிலிருந்து படிகிற கல்லும்தான். இந்த மூன்றையும் தடுக்கும் பொருளாகவே கூலன்ற்றை, அதாவது கராச்சில் கேட்கிற அந்த அன்ரிபிரீஸை, இங்கே எடைபோடுகிறோம்.

வன்னிக் கடைகளில் ஹயேஸ்காரர் கேட்டு வாங்குவது பெரும்பாலும் ரொயோட்டாவின் இரண்டு கான்களில் ஒன்று. முதலாவது றோஸ் நிறத்தது, சூப்பர் லோங் லைஃப் கூலன்ற். தண்ணீர் பாதி, உறையாமல் காக்கும் கிளைக்கோல் என்ற திரவம் பாதி என்று கலந்தே வருகிறது. அப்படியே ஊற்ற வேண்டியதுதான். இரண்டாவது சிவப்பு, லோங் லைஃப் கூலன்ற். இது கலக்காத கொன்சன்ட்ரேற், தண்ணீரை நாங்கள்தான் சேர்க்க வேண்டும். இரண்டிலும் அடிப்படைப் பொருள் எதிலீன் கிளைக்கோல். கறல் தடுப்பும் ஒரே குடும்பம்: கரிம அமிலமும் பொஸ்பேற்றும். எதை வாங்கினாலும் எஞ்சினுக்கு நல்லதே. எது உங்கள் வானுக்குச் சரி என்பதை உங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் முடிவு செய்கிறது.

கானில் போட்டிருக்கும் குளிர் எண்ணை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். எதிலீன் கிளைக்கோல் 30 வீதம் என்றால் உறைநிலை சுமார் மைனஸ் 15 பாகை செல்சியஸ். 50 வீதம் என்றால் மைனஸ் 37. கூடக்கூட நல்லது என்று கலக்காமலே ஊற்றுகிறவர்கள் உண்டு. அது இரண்டு வழியில் பிழை. தனிக் கிளைக்கோல் மைனஸ் 13 பாகையளவிலேயே உறைந்துவிடும். அதன் வல்லமை தண்ணீரோடு சேரும்போதுதான் வருகிறது. மற்றது, வெப்பத்தைச் சுமந்து செல்வதில் தண்ணீருக்கு நிகர் இல்லை. பாதிக்குப் பாதி கலவையே தண்ணீரைவிடக் குறைவாகத்தான் சுமக்கிறது, தனிக் கிளைக்கோல் இன்னும் மோசம். எங்கள் வெயிலில் கலக்காத சிவப்பை ஊற்றிய வான் ஏற்றத்தில் கட்டாயம் சூடேறும். 30இலிருந்து 50 வீதம் வரைதான் கணக்கு. அதற்கு மேலே போக இலங்கையில் ஒரு காரணமும் இல்லை.

இனித் தண்ணீர். வன்னியில் பல ஊர்க் கிணறுகளும் குழாய்க் கிணறுகளும் வன்நீர் தருபவை. கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல் பிடிக்கிறதே, அந்தக் கல்சியம்தான் எஞ்சினுக்குள்ளும் போகிறது. கேத்தலில் கண்ணுக்குத் தெரிவது எஞ்சினில் தெரிவதில்லை. எஞ்சின் தலையில் எந்த இடம் அதிகம் சுடுகிறதோ, புகை வெளியேறும் துவாரத்தைச் சுற்றிய அந்த ஒடுங்கிய நீர்வழியில்தான் அது முதலில் படிகிறது. படிந்த கல் வெப்பத்தைக் கடத்தாது. மீற்றர் முள் நடுவில் நின்றாலும் அந்த இடத்து உலோகம் மட்டும் தனியே கொதிக்கிறது. கடைசியில் ஹெட் வெடிக்கிறது, அல்லது வளைந்து, அதன் அடியில் அடைக்கிற கஸ்கற் போகிறது. ஹயேஸின் 1கேடி, 2கேடி எஞ்சின்களில் கீழ்ப்பகுதி இரும்பு, தலை அலுமினியம். சூட்டில் இரண்டும் வேறு வேறு அளவில் விரிகின்றன. பாதுகாப்பில்லாத தண்ணீரில் இரண்டும் சேர்ந்து நின்றால் அலுமினியம் அரித்துப் போகிறது.

சிவப்புக் கானை வாங்குகிற பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஜப்பான் கூலன்ற்றில் இருக்கும் பொஸ்பேற் அலுமினியத்தை அருமையாகக் காக்கிறது. அதே பொஸ்பேற், தண்ணீரில் கல்சியம் இருந்தால் அதைப் பிடித்து கல்சியம் பொஸ்பேற் ஆகிப் படிந்துவிடும். ஐரோப்பியக் கம்பனிகள் பல, தங்கள் நாட்டு வன்நீரை நினைத்தே பொஸ்பேற்றைத் தவிர்த்தன. ஆக, நல்ல விலை கொடுத்துச் சிவப்பை வாங்கிக் கிணற்றுத் தண்ணீரில் கலந்தால் இரண்டு நட்டம்: கறல் தடுப்பு மருந்து வீணாகிறது, கல்லும் கூடுகிறது. "கம்பனிக் கூலன்ற் விட்டும் சூடேறுது" என்ற முறைப்பாட்டில் பெரும்பங்கு கூலன்ற்றின் குற்றமே இல்லை.

சிவப்புக்குக் கலக்க வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர், பற்றறிக் கடைகளில் பற்றறித் தண்ணீர் என்று விற்பது. வாங்கும்போது போத்தலை இரண்டு தரம் வாசியுங்கள். பற்றறி அசிட்டும் அதே கடையில், அதேபோன்ற வெள்ளைப் போத்தலில்தான் இருக்கும். அசிட் றேடியேற்றருக்குள் போனால் அலுமினியத்தைத் தின்றுவிடும். பற்றறித் தண்ணீர் அகப்படாவிட்டால் வவுனியா, முல்லைத்தீவுக் கிராமங்களில் குடிநீருக்காக அமைத்த, உப்பை நீக்குகிற ஆர்ஓ நிலையத்துத் தண்ணீர் அடுத்த நல்ல தெரிவு. மாரிமழையில் கூரையில் படாமல் நேரே பாத்திரத்தில் ஏந்தி, துணியில் வடித்ததும் அவசரத்துக்கு உதவும். வடிகட்டியதும் கொதிக்க வைத்ததுமான கிணற்றுத் தண்ணீர் எந்தக் கணக்கிலும் சேராது. உப்புகள் துணியில் தங்குவதில்லை, கொதியில் முழுதாகப் போவதும் இல்லை.

இதுவரை வெறும் தண்ணீரில் ஓடிய வானுக்கு எங்கள் பரிந்துரை சிவப்பு. ஏற்கெனவே றோஸ் நிரம்பிய வானுக்கு றோஸ். முதலாவது கொஞ்சம் வியப்பாக இருக்கலாம். கலந்து வருகிற றோஸ்தானே வன்னிக்குப் பாதுகாப்பு என்று தோன்றும். சிக்கல் எங்கே என்றால், பழைய தண்ணீரைத் திறந்துவிட்டாலும் எஞ்சினுக்குள்ளும் பின் ஹீற்றர் குழாய்களிலும் நிறையத் தங்கிவிடும். ஒரு கணக்கைப் பாருங்கள். வானுக்கு மொத்தம் 12 லீற்றர் பிடிக்கும் என்று வையுங்கள், வெளியே வந்தது 8 லீற்றர். உள்ளே 4 லீற்றர் தண்ணீர் நிற்கிறது. இப்போது 8 லீற்றர் றோஸை ஊற்றினால் அதில் கிளைக்கோல் 4 லீற்றர்தான். 12க்கு 4, அதாவது 33 வீதம். நுவரெலியாக் குளிருக்கு அது தாராளம். ஆனால் கறல் தடுப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சிவப்பு என்றால் முதலில் 6 லீற்றர் கொன்சன்ட்ரேற், மேலே 2 லீற்றர் பற்றறித் தண்ணீர். கலவை சரி பாதியாக வந்துவிடும். உங்கள் வானின் மொத்தக் கொள்ளளவு சாரதிக் கைநூலில் இருக்கிறது. பின் ஹீற்றர் உள்ள வானுக்கும் இல்லாததற்கும் அளவு வேறு, அதைக் கவனித்து எடுங்கள்.

மாற்றுகிற முறையிலேயே பாதிப் பலன் இருக்கிறது. எஞ்சின் முழுதாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். முன், பின் ஹீற்றர் இரண்டையும் முழுச் சூட்டில் வைத்தால்தான் அந்தக் குழாய்களில் நிற்கிற தண்ணீரும் அசையும். றேடியேற்றரின் அடியில் உள்ள வடிதிருகோடு நிறுத்தாமல், எஞ்சின் புளொக்கின் பக்கத்தில் உள்ள வடிதிருகையும் கழற்றுங்கள். கராச்சில் அவசரத்தில் விட்டுப்போவது இதைத்தான். வருகிற தண்ணீரை அளவு போட்ட வாளியில் பிடியுங்கள், மேலே சொன்ன கணக்கு அதில்தான் நிற்கிறது. தண்ணீர் கறல் நிறமாக வந்தால், சுத்தமான தண்ணீர் நிரப்பி, சூடேறினால் திறக்கிற வால்வான தேர்மோஸ்ரற் திறந்து மேல் ஹோஸ் சுடும்வரை ஓடவிட்டு, ஆறவைத்துத் திறந்துவிட வேண்டும். தெளிவாக வரும்வரை இதையே திரும்பச் செய்யலாம். கடைசிக் கழுவல் மட்டும் பற்றறித் தண்ணீரில் இருக்கட்டும். உள்ளே தங்கப்போவது அதுதானே.

நிரப்பும்போது எதிரி காற்று. ஹயேஸில் எஞ்சின் முன்சீற்றுக்கு அடியில், பின் ஹீற்றரோ வானின் பின்னால். நீண்ட குழாயில் காற்று அடைபட்டால் தண்ணீர் சுற்றாது. வானின் மூக்கு மேலே பார்க்கிற மாதிரிச் சரிவில் நிறுத்துங்கள். மெதுவாக ஊற்றி, மேல் ஹோஸைக் கையால் அமத்தி அமத்தி விடுங்கள்; குமிழி வருவதும் மட்டம் இறங்குவதும் தெரியும். மூடி இல்லாமல் ஐட்லிங்கில் ஓடவிட்டு, குமிழி நின்ற பிறகு மூடுங்கள். றிசேவ் தாங்கியை மேல்கோடு வரை நிரப்பி, அடுத்தநாள் காலை குளிர்ந்த எஞ்சினில் ஒருதரம் பாருங்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியிருக்கும், அது வழமை. பிறகும் நாளுக்கு நாள் இறங்கினால் ஒழுக்கைத் தேடவேண்டும்.

அந்த ஒழுக்கு பெரும்பாலும் வானின் அடியில் பின் ஹீற்றருக்குப் போகிற இரும்புக் குழாயில்தான் இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த வான்களில் அது கறல் பிடித்து ஓட்டையாவது சாதாரணம். பலர் குழாயை இடையிலேயே வெட்டி மூடிவிடுகிறார்கள். வன்னிக்குள் மட்டும் ஓடுகிற வானுக்கு அது போதும். படுக்கை போட்டு மலைக்குப் போகிற வானுக்குக் குழாயை மாற்றுவதே முறை. அதிகாலை ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்படும்போது பின்னால் இருக்கும் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் சூடு கொடுப்பது அந்தக் குழாய்தான்.

றேடியேற்றர் மூடியைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். இவ்வளவு செலவழித்துக் கூலன்ற் விட்டு, பழைய மூடியையே திரும்பப் போடுவது மிகப் பெரிய அநியாயம். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும், அது அமுக்க அளவு. 0.9 மூடி சரியாக அடைத்தால் வெறும் தண்ணீரே 118 பாகை வரை கொதிக்காது, பாதிக் கலவை 125 பாகையைத் தாண்டியும் தாங்கும். மூடியின் இறப்பர் காய்ந்து வெடித்திருந்தால் அந்த அமுக்கம் நிற்காது. அப்போது உயரமும் சேர்ந்து கெடுக்கிறது: நுவரெலியாவில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிக்கும். கம்பளை தாண்டிப் புசல்லாவை, றம்பொடை என்று இரண்டாம் கியரில், ஆள்நிறைய, ஏசியும் போட்டு ஏறும்போது எஞ்சின் அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். கூலன்ற் வாங்கும் நாளிலேயே அதே எண்ணுள்ள புது மூடியும் வாங்குங்கள். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸும் ஹீற்றர் குழாயும்தான் முதலில் பிளக்கும்.

இனிப் போலிகளைப் பற்றி. பச்சையும் நீலமும் சிவப்பும் சாயம் கலந்த தண்ணீரைக் கூலன்ற் என்று விலை குறைத்துத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். நிறத்துக்கென்று உலகப் பொதுவிதி கிடையாது. ஒரு கம்பனியின் சிவப்பும் இன்னொன்றின் சிவப்பும் வேறு மருந்தாக இருக்கலாம். அதனால் நிறம் பார்த்துச் சேர்க்கவும் கூடாது. பொருந்தாத இரண்டு சேர்ந்தால் களிபோலத் திரண்டு றேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைப்பதும் உண்டு. உண்மையா பொய்யா என்று பார்க்கக் கராச்சுக்கு நல்ல கருவி கையடக்க றிஃப்ராக்டோமீற்றர். கண்ணாடித் தகட்டில் முதலில் பற்றறித் தண்ணீர் இரண்டு துளி விட்டு, மூடியைக் கவிழ்த்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கிற கோடு பூச்சியத்தில் நிற்கவேண்டும். நிற்காவிட்டால் சின்னத் திருகால் சரிசெய்யலாம். துடைத்துவிட்டுக் கூலன்ற் இரண்டு துளி. நல்ல பாதிக் கலவையில் கோடு மைனஸ் 35ஐயும் தாண்டி இறங்கும். சாயத்தண்ணீரில் அசையாமல் பூச்சியத்திலேயே நிற்கும். ஒன்றைக் கவனியுங்கள்: அதில் எதிலீனுக்கும், இன்னொரு வகைக் கிளைக்கோலான புரொப்பிலீனுக்கும் தனித்தனி அளவுகோடுகள் உண்டு. எதிலீன் பக்கத்தையே வாசிக்க வேண்டும்.

கருவி இல்லாவிட்டால் வீட்டுப் பிரிட்ஜின் ஐஸ்பெட்டி போதும். வெறுமையான பிளாஸ்ரிக் மருந்துப் போத்தலில் முக்கால்வாசி மட்டும் ஊற்றி, இறுக மூடி, இரண்டு பொலித்தீன் பைக்குள் கட்டி, நஞ்சு என்று எழுதி, சாப்பாட்டுச் சாமான் இல்லாத ஐஸ்பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். கண்ணாடிப் போத்தல் வேண்டாம். தண்ணீர் உறையும்போது 9 வீதம் விரியும், போலி என்றால் போத்தல் வெடித்துவிடும். காலையில் பாதிக் கலவை தண்ணியாகவே ஆடும், தண்ணீர் கூடிப்போனது நொறுங்கிய ஐஸ் மாதிரி இருக்கும், சாயத்தண்ணீர் கட்டியாகிவிடும். கலக்காத சிவப்பை இப்படிச் சோதிப்பதானால் பற்றறித் தண்ணீரில் சரிபாதி கலந்தே வையுங்கள். உறையாமை கறல் தடுப்பு மருந்து இருப்பதற்குச் சான்றாகாது, கிளைக்கோல் இருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று. ஆகவே சீல் உடைந்த கானை எந்தப் பெயர் போட்டிருந்தாலும் வாங்காதீர்கள்.

படுக்கை வான் வைத்திருப்பவர்களுக்கு மிக அவசரமான எச்சரிக்கை: இந்தக் கூலன்ற்றை வானின் குடிநீர்த் தொட்டியிலோ குழாயிலோ ஒரு சொட்டும் விடக்கூடாது. கனடாவில் இருக்கிற சொந்தங்கள் "ஆர்வியின் பைப்புக்குள்ள றோஸ் அன்ரிபிரீஸ் விடுவம்" என்று சொல்வார்கள். ஆர்வி என்பது படுக்கை வான் மாதிரியான அங்கத்தைய வாகனம். அவர்கள் சொல்வது வேறு பொருள்: புரொப்பிலீன் கிளைக்கோலில் செய்த, குடிநீர்க் குழாய்களுக்கென்றே விற்கிற ஆர்வி அன்ரிபிரீஸ். அங்கே குளிர்காலத்துக்கு வாகனத்தை நிறுத்தும்போது தொட்டியை வடித்து, வெந்நீர்த் தாங்கியை வால்வால் ஒதுக்கி, பம்பினால் ஒவ்வொரு குழாயிலும் றோஸ் நிறம் வரும்வரை ஓடவிட்டு, கழுவுதொட்டியின் வளைகுழாயிலும் ஒரு கோப்பை ஊற்றிவிடுவார்கள். அந்தக் கானில் உள்ள குளிர் எண் குழாய் வெடிக்காத எல்லையைச் சொல்வது. அதற்கு வெகுமுன்பே அது கூழாகிவிடும், ஆனால் குழாயைப் பிளக்காது. எங்கள் கடையில் உள்ள றோஸும் அதே நிறம் என்பதுதான் ஆபத்து. எதிலீன் கிளைக்கோல் இனிக்கும். குழந்தையும் நாயும் விரும்பிக் குடிக்கும், சிறிதளவே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து உயிரை எடுக்கும். யாரும் குடித்துவிட்டால் அறிகுறிக்குக் காத்திராமல் கானையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நுவரெலியாவுக்குப் போகிற வானின் குடிநீர்க் குழாய்க்கு எந்த மருந்தும் தேவையில்லை. வெளியே தொங்குகிற ஹோஸை மட்டும் இரவில் வடித்துவிட்டால் போதும்.

மலையில் விடியற்காலைக் குளிர் உண்மையில் தொடுவது வேறு இடங்களை. டீசல் எஞ்சினில் ஹீற்றர் பிளக்கின் சுருள்விளக்கு அணையும்வரை பொறுத்துத்தான் சாவியைத் திருப்ப வேண்டும். ஊர்ச் சூட்டில் பழகிய கை அதை மறந்துவிடும். வன்னியில் இழுத்துக்கொண்டு ஓடிய கிழட்டுப் பற்றறி அங்கே படுத்துவிடும். முன்கண்ணாடியில் உறைபனி பிடித்தால் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி வெடிக்கும். சின்ன காஸ் கானில் பியூட்டேன்தான் பெரும்பங்கு என்றால் அது மைனஸ் 0.5 பாகையில்தான் கொதிக்கிறது. குளிரில் அடுப்பு மங்கி எரியும். அதற்காகவோ குளிருக்காகவோ கதவை அடைத்துக்கொண்டு உள்ளே அடுப்பையோ கரிச்சட்டியையோ எரியவிட்டுப் படுக்கவே கூடாது. எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதும் அப்படித்தான். காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். கம்பளி கூடக் கொண்டுபோங்கள்.

விலையைப் பார்த்தால் றோஸில் பாதிக் காசு தண்ணீருக்குப் போகிறது, சிவப்பு ஒரு கான் கலந்தால் இரண்டு கான் ஆகிறது. ஆயுளில் றோஸ் முந்துகிறது. ரொயோட்டா புது வாகனத்துக்குச் சொல்லும் கணக்கில் முதல் மாற்றம் 1,60,000 கிலோமீற்றரில், பிறகு ஒவ்வொரு 80,000க்கும். சிவப்புக்கு இரண்டு வருடம் அல்லது 40,000 கிலோமீற்றர். வன்னித் தண்ணீரில் வருடக்கணக்காக ஓடிய பழைய எஞ்சினுக்கு அந்த 1,60,000ஐ நம்பவேண்டாம். அதில் எதை விட்டாலும் இரண்டு வருடத்தில் மாற்றுங்கள். இடையில் குறைந்தால் நிரப்ப, அதே கலவையில் ஒரு லீற்றர் போத்தல் வானிலேயே இருக்கட்டும், முறிகண்டியில் நிறுத்திக் குழாய்த் தண்ணீர் பிடிக்கவேண்டி வராது. கழற்றிய பழைய கூலன்ற்றை வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றாமல், பழைய ஒயில் எடுக்கிற கராச்சில் மூடிய கானில் கொடுங்கள். மாடும் நாயும் வாய்வைக்கிற இடத்தில் திறந்த வாளியாக ஒரு நிமிடமும் வைக்காதீர்கள்.